கோப்பை வாங்கிய அணி எங்கே போனது?



போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, புட்பால்ல நம்ம தமிழ்நாட்டு டீம் எப்பவாவது இந்தியாவிலேயே முதலாவதா வந்திருக்கா?" வந்திருக்கிறது என்றேன். "அந்த டீம் இப்ப எங்க?" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த அணி சென்னை சிட்டி. பெயரில்தான் சென்னை, கோப்பை வாங்கிய ஆண்டில் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2017-இல் தேசிய அளவிலான ஐ-லீக்கில் நுழைந்தது. குமரி மாவட்டத்து மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இதில் ஆடித்தான் நாடறிந்தவர் ஆனார்.

2018-19-இல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி அந்த ஆண்டு மட்டும் 21 கோல் அடித்தார். நம் பிள்ளைகள் எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் ஆகியோரும் அணியில் இருந்தார்கள்.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். எதிரே முந்தைய ஆண்டு சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால், அதே நேரம் கோழிக்கோட்டில் ஆடுகிறது. தொடக்கத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் வென்றது; ஆனாலும் 43-க்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய லீக்கை வென்றது அதுதான் முதல் முறை. அன்று இரவு பழைய மாணவன் ஒருவன் போனில் "ஜெயிச்சிட்டோம் சார்!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. ஆனால் நாட்டின் முதன்மைப் போட்டி என்ற இடம் ஐ.எஸ்.எல்-க்குப் போய்விட்டது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. 2020-21 போட்டிகள் முழுவதும் மேற்கு வங்கத்திலேயே நடந்தன. அடுத்த ஆண்டு ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

இது முதல் சாவும் அல்ல. 1996-97-இல் முதல் தேசிய லீக்கை வென்ற பக்வாராவின் ஜே.சி.டி. மில் அணி 2011-இல் கலைந்தது. 2005-06-இல் வென்ற மகிந்திரா யுனைடெட் 2010-இல் கலைந்தது. முதலாளி போதும் என்றால் அணி முடிந்தது.

அயர்லாந்தில் ஷாம்ராக் ரோவர்ஸ் என்றொரு கிளப். 1987-இல் அதன் மைதானத்தையே விற்றுவிட்டார்கள். 22 ஆண்டு வாடகை மைதானங்களில் அலைந்தது. 2005-இல் கடனில் மூழ்கியபோது ரசிகர்களே பணம் போட்டுக் கிளப்பைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2009-இல் டாலா என்ற இடத்தில் நிலையான மைதானம் கிடைத்தது. அடுத்த இரண்டு ஆண்டும் அவர்களே சாம்பியன்.

பேரனிடம் நான் சொல்லத் தயங்கியது இதுதான். அந்த அணியின் ஓர் ஆட்டத்தைக்கூட நான் கோவைக்குப் போய்ப் பார்த்ததில்லை. ஜெயித்தபோது "நம்ம டீம்" என்றேன். காணாமல் போனபோது அது எனக்குத் தெரியவே இல்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரிந்தது?

கிழிந்த பந்தைத் தைத்துத் தைத்து, வெறுங்காலோடு நீங்கள் ஆடியதைப் பார்த்தவன் நான். பந்து கிணற்றில் விழுந்தால் நான்கு பேர் குதிப்பீர்கள். அது உங்கள் பந்து, அதனால் குதித்தீர்கள். சென்னை சிட்டி விழுந்தபோது குதிக்க ஆளில்லை.

சங்கரன்கோவில் பக்கம் இப்போதும் பிள்ளைகள் மாலையில் ஆடுகிறார்கள். ஊருக்கு வரும்போது பத்து நிமிடம் நின்று பாருங்கள். முடிந்தால் ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். அணி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கோவையில் நேரில் பார்த்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பேரனுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்