பால் சேராத தேநீர்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையின் கடைகளில், பால் சேராத தேநீருக்குக் ‘கட்டன் சாயா’ என்று பெயர். நாம் தேநீர் என்கிறோம்; மலையாளிகள் சாயா என்கின்றனர். இரண்டும் சீனத்திலிருந்து வந்த சொற்களே. தென்சீனத் துறைமுகத்தாரின் ‘தே’ நம் தேயிலையிலும், ஏனைய சீனரின் ‘சா’ சாயாவிலும் நிலைத்தன. மலையாளிகளும் இலையைத் ‘தேயில’ என்றே வழங்குகின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தது, பானம் பிரியவில்லை.

பனை வளம் மிகுந்த இப்பகுதிக்குப் பதநீரும் கருப்பட்டியுமே தொன்றுதொட்டு உரியவை. தேநீர் பின்னால் வந்தது. திருவிதாங்கூர் மலைகளில் முதலில் காப்பியே பெருந்தோட்டப் பயிராக விளங்கிற்று. 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் தென்னிந்தியக் காப்பியையும் தாக்கவே, தேயிலை தலையெடுத்தது. விளைந்ததில் பெரும்பங்கு கடல் கடந்து சென்றது. 1903-ஆம் ஆண்டின் தேயிலைத் தீர்வைச் சட்டத்தால் திரண்ட பணத்தைக் கொண்டு விளம்பரம் செய்த பின்னரே, உள்நாட்டு மக்களிடையே இப்பழக்கம் படிப்படியாகப் பரவலாயிற்று.

இது உடலுக்கு நல்லதா? 1942-இல் சிறையிலிருந்தபடி உடல்நலம் பற்றி எழுதிய காந்தியடிகள், தேயிலையின் துவர்ப்பொருள் தீங்கானது என்றார். இன்றைய ஆராய்ச்சி மறுபக்கத்தையும் காட்டுகிறது. பிரிட்டனில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரைப் பதினோராண்டளவு தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ அருந்தியோர்க்கு இறப்பு நேரும் வாய்ப்பு 9 முதல் 13 விழுக்காடு குறைந்திருந்தது. பால் சேர்த்தோர், சேர்க்காதோர் ஆகிய இரு சாராரிடமும் இது காணப்பட்டது. எனினும், தேநீரே அதற்குக் காரணமென்று அந்த ஆய்வு நிறுவவில்லை.

அடிகளின் எச்சரிக்கையையும் நாம் புறக்கணித்தலாகாது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் துவர்ப்பொருள் தடுக்கும். ஆதலால் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரைத் தவிர்க்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-இல் அறிவுறுத்தியது. 65 பாகைக்கு மேற்பட்ட கொதிசூட்டில் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இடந்தரக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2016-இல் அறிவித்தது. சர்க்கரையை அள்ளிப் போட்டால் நன்மையும் குன்றும்.

தில்லியிலோ மும்பையிலோ வாழும் நமக்கும், விடியலில் கட்டன் சாயா ஒன்றோடு வேலைக்குப் புறப்படும் எல்லைக் கிராமத்து உழைப்பாளிக்கும் பொருந்தும் உண்மை ஒன்றே: தேநீர் களைப்பை ஆற்றும், பசியை மறக்கச் செய்யும், ஆனால் அது சோற்றுக்கு ஈடாகாது.