ஒரு புரதத்தின் வரலாறும் புத்தளக் கரையும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே கற்பிட்டி முதல் உடப்பு, சிலாபம் வரை வாழும் கடற்றொழிலாளர் ஒருவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் கண்டால், அவரது பயணம் பெரும்பாலும் தெற்கு நோக்கியதாகவே அமையும். சிலாபம், ராகம, இறுதியில் மகரகம என வைத்தியசாலைகள் அவ்வழியிலே நிற்கின்றன. சத்திரசிகிச்சையின் பின் அவர் கையில் வரும் தாள்களுள் ஒன்றிலே 'சீ.ஈ.ஏ.' என்ற எழுத்துக்களும் அதனெதிரே ஓர் எண்ணும் இருக்கும். எத்தனை காலம் வாழ்வோம் என்பதற்கு அவ்வெண்ணே விடையென்று நோயாளர் கருதுவதுண்டு. அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிய அதன் வரலாற்றை நோக்குதல் தகும்.

புரதங்களை அளக்க அறியாத காலத்திலே நோயின் பரவலே ஆயுளின் அளவுகோலாயிற்று. 1932இல் இலண்டன் சென் மாக்ஸ் வைத்தியசாலையின் கத்பேட் டியூக்ஸ், மலக்குடற் புற்றைச் சுவருக்குள் அடங்கியது, சுவரைக் கடந்தது, நிணநீர்க் கணுக்களை அடைந்தது என வகுத்தார். ஆயின் ஒரே வகுப்பினருள் ஒருவர் பிழைக்க மற்றவர் மாள்வதேன் என்பதற்கு அவ்வகுப்பு விடை தரவில்லை.

1965இல் கனடாவின் மொன்றியல் நகரிலே, மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பில் கோல்ட், சாமுவேல் பிரீட்மன் ஆகிய இருவரும் தம் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட உபாயம் எளியது, அதனாலேயே அழகியது. ஒரே நோயாளியின் குடலிலிருந்து புற்றுற்ற இழையத்தையும் நலமான இழையத்தையும் எடுத்தனர். ஆளுக்காள் வேறுபடும் புரதங்களால் நேரும் மயக்கம் இதனால் நீங்கிற்று. புற்றிழையச் சாற்றை முயல்களுக்கு ஏற்றிப் பெற்ற பிறபொருளெதிரிகளுள், நலமான இழையத்தோடு இணைவனவற்றை அகற்றினர். எஞ்சியவை புற்றுக்கே உரியதாகத் தோன்றிய ஒரு பொருளைச் சுட்டின. கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் அது காணப்பட்டமையால் 'கார்சினோ எம்பிரியோனிக் அன்ரிஜன்' எனப் பெயர் பெற்றது. அதன் சுருக்கமே சீ.ஈ.ஏ.

1969இல் அக்குழுவினர் அதனைக் குருதியிலே அளந்தபோது, பெருங்குடற் புற்றுநோயாளர் 36 பேருள் 35 பேரிடம் கண்டனர். குருதியைக் கொண்டே புற்றை முன்னறியலாம் என்ற நம்பிக்கை எங்கும் பரவிற்று. அது நெடுநாள் நிலைக்கவில்லை. தொடக்க நிலைப் புற்றுக்கள் பலவற்றில் எண் உயரவில்லை. ஈரல் நோயாளரிடமும் புகைப்போரிடமும் அது நோயின்றியே உயர்ந்தது. புகையிலை விளையும் கற்பிட்டியிலே சுருட்டுப் பிடிக்கும் முதியவர் ஒருவரின் எண்ணை இதனை மனங்கொண்டே வாசித்தல் வேண்டும். 1980இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய அறிஞர் மாநாடு, நோயைத் தேடிக் கண்டறிய இச்சோதனை ஏற்றதன்று என முடிவு செய்தது.

ஆயினும் அப்புரதம் வேறொரு பணியிலே நிலைபெற்றது. சத்திரசிகிச்சைக்கு முன் மில்லிலீற்றருக்கு 5 நனோகிராமுக்கு மேற்பட்ட அளவுடையோரிடம் நோய் மீள்வது மிகுதி என 1978இல் நியூயோர்க் ஆய்வாளர் காட்டினர். புற்றை வெட்டியகற்றிய பின் ஏறத்தாழ ஆறு வாரங்களுள் எண் தாழாவிடின் எச்சம் உண்டென ஐயுறலாயிற்று. இன்று எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 முதலிய புரதங்கள் புற்றிழையத்தில் உளவா இலவா என்பதும் நோயின் போக்கை முன்னுரைக்க உதவுகிறது; அது தனியே எழுதத்தக்க பொருள்.

முன்னறிதல் வேறு, நெடிது வாழ்தல் வேறு. 2014இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றிலே 1202 நோயாளர் பங்குபற்றினர். சீ.ஈ.ஏ.யை ஒழுங்காக அளந்து பின்தொடரப்பட்டோருள் 6.7 வீதத்தினருக்குக் குணமாக்கும் நோக்குடன் மறு சத்திரசிகிச்சை செய்ய முடிந்தது. குறைந்தளவே பின்தொடரப்பட்டோருள் 2.3 வீதத்தினருக்கே அது இயன்றது. எனினும் இறப்பிலே தெளிவான வேறுபாடு தோன்றவில்லை. இதனை நோயாளரிடம் மறைப்பது நேர்மையாகாது என்பது எம் கருத்து.

இன்னொரு சிக்கல் எமது கரைக்கே உரியது. தனியோர் எண்ணிலும் பார்க்க எண்களின் ஏற்றமே பொருளுடையது. எனவே முதல் ஈரிரு ஆண்டுகளிலேனும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கொருமுறை அளத்தல் வேண்டும். அதுவும் ஒரே முறையால் அளத்தல் வேண்டும், ஏனெனில் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கருவியும் முறையும் மாறின் எண்ணும் மாறும். மேற்குக் கரையின் மீனவர் பலரோ தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் கிழக்குக் கரை வாடிகளுக்குப் பெயர்பவர். திருகோணமலையிலே ஆடி மாதம் அளந்த எண்ணையும் சிலாபத்திலே மாசி மாதம் அளந்த எண்ணையும் அருகருகே வைத்து வைத்தியர் என்ன சொல்வார்?