வீட்டுக்கு விலை பேசி முடித்த பின்... பத்திரப்பதிவு வரை கவனிக்க வேண்டியவை

வீட்டை விற்க விலை பேசி, கையில் அட்வான்ஸும் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, விற்பதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் மட்டும் வாங்குபவரை உரிமையாளராக்காது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் உரிமை மாறும். அதே நேரம், கொடுத்த வாக்கு முஸ்லிமைக் கட்டுப்படுத்துகிறது. குடும்பச் சண்டைகளும் வழக்குகளும் பெரும்பாலும் பிறப்பது இந்த இடைப்பட்ட நாட்களில்தான். தமிழ்நாட்டில் வீடு விற்பவர்கள் இந்த நாட்களில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

வாரிசுகள் அனைவரின் சம்மதம்

வீடு மரணித்த தந்தையின் பெயரில் இருந்தால், முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும். ஒருவர் மனைவி, 2 மகன்கள், 1 மகளை விட்டு மரணித்தார். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றியபின் வீட்டை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. வீடு 40 இலட்சத்துக்குப் போனால் அந்த மகளின் பங்கு 7 இலட்சம் ரூபாய்.

"அக்காவுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டோமே" என்று சொல்லி இந்தப் பங்கை மறைக்க முடியாது. திருமணத்தில் கொடுத்தது வேறு, அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் விதித்த பங்கு வேறு. சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவருடைய விருப்பம். அதையும் விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்ய வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால், அந்தப் பங்கை விற்கத் தாய்க்கோ தாய்மாமாவுக்கோ சட்டத்தில் அதிகாரமில்லை. நீதிமன்ற அனுமதி தேவை. இவற்றை முடிக்காமல் அட்வான்ஸ் வாங்குவது, பிறர் பொருளுக்கு நாம் விலை பேசியதாகிவிடும்.

வளைகுடாவில் இருக்கும் வாரிசு வர இயலாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும்.

எழுத்தில் ஒப்பந்தம்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும், வியாபாரத்துக்குச் சாட்சி வைத்துக்கொள்ளவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் வழிகாட்டுகிறது. வாய்வார்த்தை போதும் என்று இருந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். விலை, அட்வான்ஸ் தொகை, மீதியைத் தரவேண்டிய நாள், வீட்டைக் காலி செய்யும் நாள், யாராவது பின்வாங்கினால் என்ன செய்வது ஆகியவை அதில் தெளிவாக இருக்கட்டும்.

அட்வான்ஸை வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விற்பவர்மீது விழலாம்.

வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் முழுவதையும் வைத்துக்கொள்வது ஊர் வழக்கம். ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் இதை அனுமதிக்கவில்லை. ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. எனவே, இதை முன்கூட்டியே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து ஒப்பந்தத்தில் எழுதுவது நல்லது.

இடையில் கூடுதல் விலை வந்தால்

பெரிய சோதனை இதுதான். அட்வான்ஸ் வாங்கிய மறுவாரம், 3 இலட்சம் அதிகம் தருகிறேன் என்று ஒருவர் வருவார். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மீது இன்னொருவர் வியாபாரம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். சட்டமும் வாங்குபவருக்குத் துணை நிற்கிறது: ஒப்பந்தத்தில் குறித்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் அவர் நீதிமன்றம் சென்று, வீட்டைத் தனக்கே கிரயம் செய்துதரக் கோரலாம்.

ஆவணமும் குறைகளும்

வாங்குபவர் வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது ஆகியவற்றைப் பார்ப்பார். அவர் வங்கிக் கடன் வாங்கினால், வங்கியின் வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் வருவார்கள். வீட்டின் மீது உங்களுக்குக் கடன் இருந்தால் அதை அடைத்து, அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கத்தில் கடன் நிற்கும்.

மழையில் ஒழுகும் கூரை, பக்கத்து வீட்டாருடன் உள்ள சுவர்த் தகராறு போன்றவற்றை மறைக்காதீர்கள். குறையைச் சொல்லி விற்பதில்தான் பரக்கத் இருக்கிறது.

பதிவு நாள்

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பொதுவாக வாங்குபவரே இதைச் செலுத்துவார். வீட்டின் விலை 50 இலட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், அவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, அதிகம் பிடிக்கப்படும். ஆடிட்டரை முன்பே பாருங்கள்.

மீதித் தொகை வங்கிக் கணக்கில் வந்ததை உறுதி செய்துகொண்டு, சார்பதிவாளர் முன் கையெழுத்திடுங்கள். இரண்டு சாட்சிகள் தேவை. பதிவு முடிந்ததும் சாவியையும் மூலப் பத்திரங்களையும் ஒப்படைத்து, மின் இணைப்பு, வீட்டு வரி, குடிநீர் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றத்துக்கு ஒத்துழையுங்கள்.

பணம் வந்த அன்றே வாரிசுகள் ஒவ்வொருவரின் பங்கையும் அவரவர் கணக்கில் சேர்த்துவிடுங்கள். தாயின் பங்கும் சகோதரியின் பங்கும் நம்மிடமுள்ள அமானிதம். அதை உரியவரிடம் சேர்த்த பிறகே வீடு விற்ற வேலை முடிந்தது என்று சொல்ல முடியும்.