ஏற்கெனவே இருந்த நோய்

"அவனுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்துச்சாமே." அல்லிநகரத்தில் வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் செத்து, நஷ்டஈடு என்று வாயெடுத்தால் மேஸ்திரி சொல்லும் முதல் வார்த்தை இதுதான். புதிய வார்த்தையல்ல. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேரும் விபத்துக்கு ஈடு என்றது 1923ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் 'காரணம்' என்ற சந்தில்தான் முதலாளிகள் நுழைந்தார்கள்.

பம்பாய்த் துறைமுகக் காவலாளி ஒருவர், இதயநோயாளி, வேலையிலிருந்தபோது நெஞ்சுவலி கண்டு இறந்தார். 1950களின் தொடக்கத்தில் அந்த வழக்கில் தலைமை நீதிபதி சாக்ளா சொன்னார்: நோயோடு வேலைச் சிரமமும் சேர்ந்து சாவை விரைவுபடுத்தினால் முதலாளியே பொறுப்பு. நோயாளி என்பதால் உயிர் மலிவாகிவிடாதல்லவா!

ஆனால் வேலை அழுத்தத்தைக் கேட்பவர்தான் நிரூபிக்கவேண்டும் என்றது 2006இல் உச்சநீதிமன்றம். ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப்பில் மேடேறும் நம்ம பொம்பளைகளில் எத்தனை பேரிடம் வேலைச் சீட்டு இருக்கிறது?