அரிசிப் பானையும் அரசியலும்

அரிசி, மா, பருப்பு, உப்பு, மிளகாய் ஆகியவை ஒரு வாரத்துக்காவது வீட்டில் இருப்பில் இருந்தால் குறைந்த செலவில் குடும்பத்தின் பசியைத் தீர்த்துவிடலாம். இது நம் தாய்மார் நன்கறிந்த உண்மை. மனையியல் பாடமும் இதையே போதிக்கின்றது: மொத்தமாக வாங்குக, மலிவான காலத்தில் வாங்குக, பழுதுபடாமல் பேணுக. நல்ல புத்திமதிதான். ஆனால் யாருடைய வீட்டுப் பானை நிறைந்திருந்தது, யாருடைய பானை வெறிதாய்க் கிடந்தது, ஏன் என்ற கேள்விக்கு இப்புத்திமதியில் விடை இல்லை. அந்த விடையை நாம் வரலாற்றிலேயே தேடவேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளை எண்ணிப் பார்ப்போம். அறுவடை நெல் பெட்டகத்தில் சேர்ந்தது. ஒடியலும் புழுக்கொடியலும் வெயிலில் உலர்ந்தன. பனங்களி பாயிலே காய்ந்து பனாட்டாயிற்று. மோர்மிளகாயும் வடகமும் மாரிகாலத்துக்கென முட்டிகளில் காத்திருந்தன. இவையெல்லாம் மக்களின் அறிவுக்கும் உழைப்புக்கும் சான்றுகள். அவற்றை நாம் போற்றுகின்றோம். எனினும் பெட்டகம் இருந்தது நிலமுடையவன் வீட்டில். வயலில் அரிவு வெட்டியவளும் பனையேறியவனும் அன்றன்று பெற்ற கூலியை அன்றன்றே உலையிலிட்டனர். பிறர் பெட்டகத்தை நிரப்பியவர்களுக்குச் சொந்தமாக ஒரு பெட்டகம் வாய்க்கவில்லை. அவர்களுக்குச் சிக்கனம் தெரியாமற் போனதாலா இந்நிலை? சேமிப்பதற்கு மிச்சம் இல்லாமற் போனதே காரணம்.

மலைநாட்டில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. தோட்டத் தொழிலாளிக்கு நெல் விளைவிக்க நிலம் இல்லை. தோட்டமே அரிசியைக் கொடுத்தது. கொடுத்ததைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. குறித்த விலைக்கு மேற்படாமல் அரிசி வழங்கவேண்டும் என 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விதிக்கவேண்டியிருந்தது. லயத்து அடுப்பங்கரையின் அரிசிப் பானை தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தோடு கட்டப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நாடு முழுவதுமே ஒருவகையில் இவ்வாறுதான் கட்டப்பட்டிருந்தது. ஏகாதிபத்திய ஆட்சியில் தேயிலையும் இறப்பரும் தெங்கும் ஏற்றுமதிக்காகப் பெருகின. உண்ணும் அரிசியின் பெரும்பகுதி பர்மா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. ஏப்ரிலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. பர்மா அரிசி நின்றது. அவ்வாண்டிலேயே பங்கீட்டு முறை வந்தது. கூட்டுறவுச் சங்கக்கடைகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் எழுந்தன.

கூப்பன் அரிசியில் கல்லும் நெல்லும் கிடந்ததை மூத்தோர் கூறக் கேட்டிருக்கின்றோம். சங்கக்கடை வரிசையில் பெண்கள் கால்கடுக்க நின்றதும் உண்மை. ஆயினும் அந்தக் கூப்பன் ஏழைக் குடும்பத்துக்கு அதுவரை கிடைத்திராத ஒன்றைக் கொடுத்தது: அடுத்த வாரம் என்ன கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்ற உறுதி. கடைக்காரனின் கடன் கொப்பியில் பெயரெழுதி, அரைக்கொத்தும் காற்கொத்துமாக வாங்கியவள், முதன்முறையாக ஒரு வாரத்தை முன்கூட்டித் திட்டமிட முடிந்தது. திட்டமிடுதல் என்பது குணம் மட்டுமன்று. அது ஓர் உரிமையுமாகும்.

அந்த உரிமையில் கைவைத்தபோது என்ன நிகழ்ந்தது என்பதை 1953 காட்டிற்று. சுமார் இரண்டு இறாத்தல் கொண்ட ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலை 25 சதம். அவ்வாண்டு யூலையில் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் அதனை 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு ஐந்து கொத்து வாங்கும் குடும்பம் முன்பு கொடுத்தது 1 ரூபா 25 சதம். பின்பு கொடுக்கவேண்டியது 3 ரூபா 50 சதம். இடையிலுள்ள இரண்டேகால் ரூபா எங்கிருந்து வரும்? பருப்பிலிருந்து வரும், எண்ணெயிலிருந்து வரும், குழந்தையின் பாலிலிருந்து வரும். அரிசியின் விலை ஏறினால் அரிசி மட்டும் குறைவதில்லை. மற்ற முட்டிகள் முதலில் வெறுமையாகின்றன.

ஓகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று நாடு ஹர்த்தாலில் இறங்கியது. கடைகள் மூடின, புகையிரதங்கள் நின்றன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடிற்று. ஒக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். அரிசி விலை 55 சதமாக இறங்கியது. சமையலறையின் கணக்கு ஓர் அரசாங்கத்தின் கணக்கையே மாற்றியது.

பின்னர் வந்த அரசுகளும் இப்பானையைச் சுற்றியே நடந்தன. 1966 டிசம்பரில் பங்கு இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்தது. அந்த ஒன்று இலவசமாயிற்று. 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். கூப்பன் உறுதிசெய்தது அரிசியின் அளவை. முத்திரை உறுதிசெய்தது ரூபாவின் தொகையை. விலைகள் ஏறின, முத்திரையின் தொகை அவற்றோடு ஏறவில்லை. எவரும் ஹர்த்தால் செய்ய ஒரு நாள் குறிக்குமுன்னரே, பானை சத்தமின்றிக் குறைந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தன. அவ்வேளையிலும் சிக்கனமாய் இருக்குமாறு குடும்பங்களுக்குப் போதித்தோர் இருந்தனர். ஒரு நேரச் சோற்றை விட்டுவிட்டவளுக்கு இனி எந்தச் சிக்கனத்தைக் கற்பிப்பது?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, வீட்டில் எவற்றைச் சேமிக்கவேண்டும் என்ற பாடத்தை நாம் கைவிடவேண்டியதில்லை. குரக்கனையும் ஒடியலையும் மறவாதிருக்கவும் கற்பிப்போம். ஆனால் அந்தக் கொப்பியின் மறுபக்கத்தில் இன்னுமொரு கணக்கை எழுதச் செய்வோம்: ஒரு நாட்கூலி எத்தனை கிலோ அரிசியை வாங்கும்? கடந்த ஆண்டு எத்தனை வாங்கிற்று? தன் வீட்டுக் கணக்கை இவ்வாறு எழுதத் தெரிந்த பிள்ளை, பானை வெறுமையானதற்குத் தன் தாயைக் குறைகூறாது.