கழிவு வாசலும் காலரா நஞ்சும்

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா. பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். 'அதெல்லாம் தாத்தா காலத்து நோய்ங்க' என்று சொல்லிக்கொண்டிருந்த புதுச்சேரிப் படிப்பாளிகளுக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. சாக்கடையும் குடிநீரும் சேருமிடத்தில் குடியிருக்க விதிக்கப்பட்டவர்களுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

1817-ல் வங்கத்தில் கிளம்பிய முதல் பெருவாரி ஆசியாவைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1823-ல், பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினர். ஜிப்மரின் மூதாதை அது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். ஐரோப்பியர் இந்நோய்க்கு வைத்த பெயர் 'ஆசியக் காலரா'. அழுக்கு என்பது சில மக்களின் இயல்பாகவும் நோய் அதன் விளைவாகவும் கட்டமைக்கப்பட்டது. 1884-ல் கல்கத்தாவில் கோக் கிருமியைப் பிரித்துக் காட்டினார். அது எப்படிக் கொல்கிறது என்பது அப்போதும் தெரியவில்லை.

அதைக் காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. முயலின் சிறுகுடலை இடையிடையே நூலால் கட்டினார். கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் உள்ளே செலுத்தினார். குடல் நீர் கோத்து உப்பியது. ஆக, ஆளைக் கொல்வது கிருமி வெளியிடும் நஞ்சு. 1959-ல் 'நேச்சர்' இதழில் வந்தது இக்கட்டுரை. 1985-ல் இறக்கும்வரை டேயை நமது அறிவியல் அகாதெமி எதுவும் உறுப்பினராக்கவில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த நஞ்சு ஒரு புரதம். குடல் செல்லுக்குள் அது வேலைசெய்யும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது 1990களில்தான் துலங்கத் தொடங்கியது. அதைப் புரிந்துகொள்ள, செல் தன் கழிவை என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

செல்லைவிட்டு வெளியேற வேண்டிய புரதங்களும், அதன் மேற்பரப்பில் உட்கார வேண்டியவையும் எண்டோபிளாச வலை என்ற அறைக்குள் மடிந்து உருவம் பெறுகின்றன. சரியாக மடியாததைத் துணைப்புரதங்கள் பிடித்துவைத்து மறுபடி மடிக்கப் பார்க்கும். இதற்கிடையே புரதத்தில் ஒட்டியுள்ள சர்க்கரைக் கிளையிலிருந்து மானோஸ் ஒவ்வொன்றாகக் கத்தரிக்கப்படுகிறது. ஒருவகையில் இது கெடு. கெடு முடிந்தும் தேறாதது சவ்விலுள்ள வாசல் வழியே வெளியே தள்ளப்படும். அங்கே யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் முத்திரையாகக் குத்தப்படும். பி97 என்ற இயந்திரம் இழுத்துப்போடும். புரோட்டியசோம் நறுக்கித் தள்ளும். அறைக்குள்ளேயே அழிகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். வெளியே கொண்டுவந்து அழிக்கப்படுகிறது என்பது 1993-க்கும் 1996-க்கும் இடையில் ஈஸ்ட்டிலும் மனித செல்லிலும் நடந்த ஆய்வுகளில் உறுதியானது.

காலரா நஞ்சு செல்லின் மேற்பரப்பில் ஒட்டி, பின்னோக்கிப் பயணம்செய்து, இதே அறைக்கு வருகிறது. அங்கே அதன் ஒரு துண்டு மடிப்பு அவிழ்ந்து, 'நானும் தேறாத கேஸ்தான்' என்று வேடம்கட்டி, கழிவு வாசல் வழியே நழுவுகிறது. முத்திரை வழக்கமாகக் குத்தப்படுவது லைசின் மீது. அந்தத் துண்டில் இருப்பது இரண்டே லைசின். தப்பித்து மறுபடி மடிந்துகொள்கிறது. பிறகு அது தூண்டிவிடும் சமிக்ஞையால் சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு கால்வாய் திறந்தபடியே நிற்க, உப்பும் நீரும் குடலில் கொட்டுகின்றன.

பாடநூல்கள் இந்த ஏற்பாட்டைத் 'தரக்கட்டுப்பாடு' என்கின்றன. ஆலை மேஸ்திரியின் மொழி இது. ஆனால் இங்கே சோதிக்கப்படுவது உருவம், பயன் அல்ல. அந்த சிஎஃப்டிஆரையே எடுத்துக்கொள்வோம். அதில் 508-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று விடுபட்டால் போதும், ஏறக்குறைய முழுவதும் கழிவாகிவிடுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் பலரிடம் நடப்பது இதுதான். இத்தனைக்கும் மேற்பரப்புக்கு வந்துசேர்ந்தால் ஓரளவு வேலைசெய்யக்கூடிய புரதம் அது. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துக்கூட்டு அதைத் தாங்கிப்பிடித்து மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அறிமுகமானபோது அதன் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல்.

காலராவுக்கு அவ்வளவு செலவில்லை. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகும் இன்னொரு பாதை குடலில் உண்டு. நஞ்சு அதைத் தொடுவதில்லை. 1971-ல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதிகளுக்கு திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைத்தான் கொடுத்தார். நோயாளிகளில் சாவு சுமார் 30 சதவீதத்திலிருந்து 4-க்கும் கீழே இறங்கியது.