சட்டப்பூர்வ பாதுகாவலர் நியமனமும் குடும்பச் சொத்தும்

சட்டப்பூர்வ பாதுகாவலர் என்பவர், பதினெட்டு வயது நிறைந்தும் தன் பொருட்டுச் சட்டம் ஏற்கும் முடிவுகளை எடுக்க இயலாத மாற்றுத்திறனாளி ஒருவரின் உடல்நலனையோ சொத்தையோ இரண்டையுமோ கவனிக்க நியமிக்கப்படுபவர். இந்தியாவில் இந்த நியமனத்துக்கு ஒரே வாசல் கிடையாது. குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவையோ மாவட்ட நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுக வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இப்படியொரு ஏற்பாடு இருப்பதே தகப்பனார் காலமாகி, பாகப் பிரிவினைக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போதுதான் தெரியவருகிறது.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் பெற்றோரின் இயற்கைப் பாதுகாவலர் உரிமை முடிந்துவிடும். மகனுக்கு முப்பது வயதாகியும் தாயே சோறூட்டுகிறார் என்பதால் அவன் பெயரில் தாய் கையெழுத்திட முடியாது. உயிலில் ‘என் மகனுக்குப் பின்னாளில் இன்னார் பாதுகாவலர்’ என்று தகப்பனார் எழுதி வைத்திருந்தாலும், மகன் வயது வந்தவர் என்றால் அது ஒரு விருப்பம் மட்டுமே. நியமனம் தனியாக நடந்தாக வேண்டும்.

பங்குரிமை

பழைய இந்துச் சட்டத்தில் பிறவிக் குறைபாடு உள்ளவருக்குப் பங்கு இல்லை, பராமரிப்பு மட்டுமே உண்டு. 1928-ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையின்மை, செவித்திறனின்மை போன்ற காரணங்களுக்காக வாரிசுரிமையை மறுக்கும் வழக்கத்தை நீக்கியது. ஆனால் பிறவியிலேயே சித்த சுவாதீனம் இல்லாதவர்களை அது வெளியிலேயே நிறுத்தியது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவுதான் நோய், குறை, உருக்குலைவு எதுவும் வாரிசுரிமைக்குத் தடையல்ல என்று முடித்து வைத்தது. ஆகவே உயில் எழுதாமல் இறந்த ஒருவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், அறிவுசார் குறைபாடுள்ள ஒரு மகள் என்று இருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் அந்த மகளுக்கும் சரியாக நாலில் ஒரு பங்கு. ‘அவளுக்கு எதற்குச் சொத்து, கடைசிவரை நாங்கள்தானே பார்க்கப்போகிறோம்’ என்று அண்ணன்மார் சொல்வது அன்பால் சொன்னதாகவே இருக்கலாம். ஆனால் அதனால் அவள் பங்கு குறைவதில்லை.

நடைமுறையில் அவள் பங்கு கைமாறுவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தின் வழியாகத்தான். பெருவிரல் ரேகையை வாங்கி, ‘என் பாகத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தேன்’ என்று எழுதிப் பதிவு செய்துவிடுவார்கள். எழுதிக் கொடுப்பதன் பொருளும் விளைவும் புரியாதவர் செய்யும் ஒப்பந்தம், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லாது. பதிவாகிவிட்டது என்பதால் அதற்கு உயிர் வந்துவிடாது. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, இத்தகைய இயலாமை நீடிக்கும்வரை வழக்குத் தொடுப்பதற்கான கெடு ஓடாதபடி நிறுத்தி வைக்கிறது. அதனால் பல ஆண்டு கழித்தும் அந்தப் பத்திரத்தைக் கேள்வி கேட்க இடமுண்டு. வில்லங்கச் சான்றில் குறையேதும் இல்லை என்று நம்பி வாங்கியவர் அப்போது விழிக்க நேரும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. பார்வையற்றவரோ காது கேளாதவரோ சக்கர நாற்காலியில் வருபவரோ தம் பங்கைத் தாமே விற்கலாம், எழுதி வைக்கலாம். பாதுகாவலர் அவருக்குத் தேவையே இல்லை. பத்திரத்தை வாசித்துக் காட்டவும் சைகை மொழியில் விளக்கவும் ஒருவர் உடன் இருந்தால் போதும். இவர்களிடமும் ‘கார்டியன் எங்கே’ என்று கேட்பது சட்டம் தெரியாததால் வரும் கேள்வி.

ஆட்சியர் தலைமையிலான குழு

1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் உரியது. இதன் 13-ஆவது பிரிவின்படி அமையும் உள்ளூர் அளவிலான குழுவில் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் இருப்பார்கள். பெற்றோரும் உடன்பிறந்தாரும் பிற உறவினரும் விண்ணப்பிக்கலாம். பதிவு பெற்ற நிறுவனமும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இந்த வேலையைப் பார்க்கிறது. வழக்கறிஞரோ நீதிமன்றக் கட்டணமோ தேவைப்படாத வழி இது. நான்கு குறைபாடுகளில் ஒன்று இருந்தால் முதலில் தட்ட வேண்டிய கதவும் இதுவே.

பாதுகாவலர் தேவையா, தேவையென்றால் எதற்காக என்ற இரண்டையும் குழு தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது கேள்வியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வங்கிக் கணக்கை இயக்குவதற்கு மட்டும் நியமனம் கேட்டிருந்தால், வீட்டை விற்க அது உதவாது. சட்டத்தின் 15-ஆவது பிரிவும் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பைச் சொல்கிறதே தவிர, விற்பதற்கான நடைமுறையை வகுக்கவில்லை. எனவே அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதியையும் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பானது.

நியமனமான ஆறு மாதத்துக்குள் பாதுகாவலர் தம் பொறுப்பிலுள்ள அசையும், அசையாச் சொத்துகள், வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய கடன் அனைத்தையும் பட்டியலிட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் பலர் மறந்துபோவது இதைத்தான்.

நீதிமன்ற வழி

மனநோயால் பாதிக்கப்பட்டவருக்கு ஆட்சியர் குழு வழி இல்லை. முன்பு 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இவர்களுடைய சொத்துக்கு மேலாளர் நியமிக்கத் தனி அத்தியாயமே இருந்தது. அதை நீக்கிவிட்டு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சைக்கான பிரதிநிதியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சொத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்காமலேயே பழைய சட்டத்தைக் கைவிட்டது நாடாளுமன்றத்தின் கவனக்குறைவு என்றே சொல்ல வேண்டும்.

இப்போதைக்குக் கைகொடுப்பது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு அறிவிக்கும் அதிகாரியோ ‘வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்’ ஒருவரை நியமிக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, சம்பந்தப்பட்டவரைக் கலந்துகொண்டு, அவர் விருப்பத்தின்படி செயல்படுவதே அவர் வேலை. 2007-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆவது கூறு இதற்கு வேர். வேறு சட்டங்களின்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலர்களும் இனி வரையறுக்கப்பட்டவர்களாகவே செயல்படுவதாகக் கொள்ளப்படும் என்கிறது இந்தப் பிரிவு.

கோமாவில் கிடப்பவருக்கு இந்த விருப்பம், கலந்தாலோசனை எதுவும் பொருந்தாது. அத்தகைய குடும்பங்கள் உயர் நீதிமன்றங்களை நாடுகின்றன. ஆதரவற்றவருக்கு அரசே பெற்றோர் என்ற கோட்பாட்டின்படி, அரசமைப்பின் 226-ஆவது பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு நீதிமன்றம் ஆணையிடுகிறது. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்தை விற்க அனுமதித்தது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்படி தனி நீதிபதி சொன்னதை மாற்றிய அந்த அமர்வு, கணவர் பெயரில் 50 லட்சம் ரூபாயை நிரந்தர வைப்பாகப் போடவும் நிபந்தனை விதித்தது.

பாகப் பிரிவினை வழக்கில்

சொத்து வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆவது கட்டளை வரும். சிறுவருக்கான விதிகளை அதன் 15-ஆவது விதி, தம் நலனைக் காத்துக்கொள்ள இயலாத மனநிலையில் உள்ளவர்களுக்கும் விரிக்கிறது. நீதிபதி முதலில் விசாரித்துத் தெளிய வேண்டும்: மருத்துவச் சான்றைப் பார்ப்பதோடு, ஆளை நேரில் வரவழைத்து உன் பெயர் என்ன, யாருடன் இருக்கிறாய், இது எத்தனை ரூபாய் நோட்டு என்பதுபோல எளிய கேள்விகளைக் கேட்பதும் உண்டு. பிறகு, அவர் வாதி என்றால் ‘அடுத்த நண்பர்’, பிரதிவாதி என்றால் ‘வழக்குக் காப்பாளர்’ அவருக்காக நிற்பார். இவருடைய பொறுப்பு அந்த வழக்கு மட்டுமே. ஆட்சியர் குழு கொடுக்கும் சான்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது. பாதுகாவலராக முன்வரும் அண்ணனே பெரும்பாலும் சக பங்குதாரர். தெருமுனை மனை யாருக்கு, உள்ளடங்கிய மனை யாருக்கு என்று பிரிக்கும்போது தங்கைக்காகவும் அவரே பேசுவார், தமக்காகவும் அவரே பேசுவார். 32-ஆவது கட்டளை, நலன் முரண்படுபவர் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்கிறது. தகுந்தவர் யாரும் இல்லையென்றால் நீதிமன்றம் தன் அலுவலர் ஒருவரையே நியமிக்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இதை இன்னும் நுட்பமாகச் சொல்கிறது: முரண் எழுந்த அந்தக் குறிப்பிட்ட பரிவர்த்தனையிலிருந்து மட்டும் உதவுபவர் விலக வேண்டும், இரத்த உறவு என்பதாலேயே முரண் உண்டு என்று கருதிவிடவும் கூடாது. அண்ணன் தினமும் மருந்து கொடுக்கலாம், வங்கிக்கு அழைத்துப் போகலாம். பாகப் பிரிவினைப் பத்திரத்தில் மட்டும் தங்கைக்காக வேறொருவர் நிற்க வேண்டும். சொத்தில் பங்கில்லாத தாய்மாமனோ சித்தப்பாவோ பொருத்தமானவர்.

சமரசத்துக்கும் தனி வேலி இருக்கிறது. மாற்றுத்திறனாளியின் பங்கைத் தொடும் எந்த உடன்பாட்டுக்கும் நீதிமன்றத்தின் வெளிப்படையான அனுமதி வேண்டும். அது அவருக்கு நன்மையானது என்று அடுத்த நண்பர் பிரமாணப் பத்திரமும் வழக்கறிஞர் சான்றும் தர வேண்டும். இவை இல்லாமல் செய்த சமரசத்தை மாற்றுத்திறனாளியின் தரப்பு பின்னர் தள்ளிவிடலாம். மற்றவர்களால் தள்ள முடியாது.

நீக்கம், முடிவு

பாதுகாவலர் கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் விட்டாலோ சொத்தைக் கையாடினாலோ, பெற்றோரும் உறவினரும் பதிவு பெற்ற நிறுவனமும் அவரை நீக்கும்படி அதே ஆட்சியர் குழுவிடம் மனுச் செய்யலாம். நீக்கப்பட்டவர் புதியவரிடம் சொத்தை ஒப்படைத்து, கையில் வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளி இறந்ததும் பாதுகாவலர் அதிகாரம் முடிந்துவிடும். பாதுகாவலராக இருந்தவர் என்பதற்காக அவருக்குச் சொத்து வராது. பெற்றோர் வழியாக வந்த சொத்து, குழந்தை இல்லாத இந்துப் பெண்ணுக்குப் பின் அவள் தகப்பனாரின் வாரிசுகளுக்குப் போகும். அதாவது, தாயும் இல்லையென்றால், உடன்பிறந்தவர்களுக்குச் சம பங்காக. இருபது வருடம் கூடவே வைத்துப் பார்த்த அண்ணனுக்கும் வெளியூரிலிருந்து எட்டிப் பார்க்காத அண்ணனுக்கும் ஒரே அளவு. புரிதல் இல்லாதவர் எழுதும் உயில் செல்லாது என்பதால் தங்கையால் இதை மாற்றவும் முடியாது. மாற்றக்கூடியவர்கள் பெற்றோர்தான். அவர்கள் உயிலில் மகளுக்கு ஆயுட்கால அனுபவ உரிமை கொடுத்து, பின்னுரிமையைப் பராமரித்தவருக்கு என்று எழுதலாம். அல்லது 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைகள் சட்டத்தின்படி தனியார் அறக்கட்டளை ஏற்படுத்தி, பங்காளி ஒருவரும் வெளியாள் ஒருவரும் சேர்ந்து நிர்வகிக்கும்படி செய்யலாம். அப்படி எழுதி வைக்காத குடும்பங்களில், பார்த்துக்கொண்ட அண்ணனுக்குச் செலவுத் தொகையைக் கேட்க இருக்கும் முக்கிய ஆதாரம், ஆண்டுதோறும் குழுவுக்குக் கொடுத்த கணக்கும் அதோடு இணைத்த ரசீதுகளும்தான்.